சுற்றிவளைப்புக்குப் பெயர் 'சமூகத் தொடர்பு'

இருள் விலகாத நேரம். ஹைதராபாதின் பழைய நகரத்திலோ, நகர விளிம்பின் தொழிலாளர் குடியிருப்பிலோ ஒரு பஸ்தியின் எல்லா வழிகளையும் பெருந்திரளான காவலர்கள் அடைக்கிறார்கள். வீடு வீடாகக் கதவு தட்டப்படுகிறது. ஆதார் அட்டை கேட்கப்படுகிறது. வாடகை வீடென்றால் உரிமையாளர் யார், சொந்த ஊர் எது, என்ன வேலை என்ற கேள்விகள் தொடர்கின்றன. வாசலில் நிற்கும் இருசக்கர வாகனத்தின் காகிதங்கள் கைவசம் இல்லையென்றால் வண்டி காவல் நிலையத்துக்குப் போகிறது. காலையில் செய்திக்குறிப்பு வெளியாகிறது: இத்தனை வீடுகள், இத்தனை வண்டிகள், இத்தனை 'சந்தேக நபர்கள்'.

தெலங்கானா மாநிலம் 2014-இல் உருவான பின்னர் வழக்கமாகிப்போன இந்த நடவடிக்கைக்கு முதலில் இருந்த பெயர் 'கார்டன் அண்ட் சர்ச்'. சுற்றிவளைத்துத் தேடுதல் என்று பொருள். இராணுவத்தின் சொற்களஞ்சியத்திலிருந்து வந்த பெயர். பின்னர் காவல்துறையின் அறிக்கைகளில் அதற்கு இன்னொரு பெயர் வந்து சேர்ந்தது: 'கம்யூனிட்டி காண்டாக்ட் புரோகிராம்', அதாவது சமூகத் தொடர்பு நிகழ்ச்சி. வழியடைப்பும் கதவுத் தட்டலும் வண்டிப் பறிமுதலும் அப்படியே இருக்கின்றன. மாறியது பெயர் மட்டுமே.

பெயர் மாற்றம் சிறிய விஷயம் என்று எண்ணுவோர் மொழியின் வேலையைக் குறைத்து மதிப்பிடுகிறார்கள். ஒரு செயலைச் 'சோதனை' என்றால், எந்தச் சட்டப்பிரிவின்கீழ், யார் உத்தரவின்பேரில், எந்தக் குற்றத்தின் தொடர்பில் என்ற கேள்விகள் உடனே எழும். அதையே 'தொடர்பு' என்றால் அந்தக் கேள்விகளுக்கு இடமே இல்லாமற்போகிறது. தொடர்புகொள்வதற்கு யாரும் நீதிபதியிடம் ஆணை பெறுவதில்லை. அண்டை வீட்டாரைப் பார்க்கப் போகிறவர் சாட்சிக்கு இருவரை அழைத்துச் செல்வதுமில்லை. ஆக, இந்தப் பெயர் செய்யும் வேலை அலங்காரம் அன்று. சட்டம் பொருந்த வேண்டிய இடத்திலிருந்து சட்டத்தை வெளியேற்றும் வேலை.

தமிழ் இலக்கண மரபு இதைப் புரிந்துகொள்ள உதவும். தகுதி வழக்கை இடக்கரடக்கல், மங்கலம், குழூஉக்குறி என்று மூன்றாகப் பகுத்தது அம்மரபு. இறந்தவரைத் 'துஞ்சினார்' என்பது மங்கலம். அங்கே சொல்பவருக்கும் கேட்பவருக்கும் உண்மை தெரியும். இழந்தவரின் மனம் புண்படாதிருக்கவே சொல் மாற்றப்படுகிறது. 'சமூகத் தொடர்பு' என்பதும் தோற்றத்தில் மங்கல வழக்குத்தான். ஆனால் அது காப்பாற்றுவது கதவைத் திறந்தவரின் மனத்தை அன்று. கதவைத் தட்டியவரின் மதிப்பை. பாதிக்கப்பட்டவருக்காக அமைந்த ஒரு வழக்கு, பாதிப்பை உண்டாக்கியவருக்குப் பயன்படும் வகையில் தலைகீழாகத் திருப்பப்பட்டுள்ளது.

ஆங்கிலம் மறைத்ததைத் தெலுங்கு மறைக்கவில்லை என்பது கவனிக்கத்தக்கது. தெலுங்கு நாளிதழ்கள் இந்நடவடிக்கையை 'நிர்பந்த தனிகீலு' என்று எழுதுவது வழக்கம். 'நிர்பந்தம்' என்பதில் கட்டாயமும் உண்டு, அடைத்துவைத்தலும் உண்டு. 'தனிகீ' என்றால் சோதனை. கட்டாயச் சோதனை என்பதை ஒரு சராசரிச் செய்தியாளரின் மொழியுணர்வு எளிதாகச் சொல்லிவிடுகிறது. அதே நிகழ்வை அதிகாரியின் ஆங்கிலம் 'தொடர்பு' என்கிறது. இரண்டில் எது விவரணை, எது விளம்பரம் என்று முடிவுசெய்ய மொழியியல் பட்டம் தேவையில்லை.

'சமூகக் காவல்' என்ற கருத்தையே இங்கு யாரும் மறுக்கவில்லை. ஒரு பகுதியின் மக்கள் தங்களை அச்சுறுத்துவது எது என்று கூடிப் பேசி, காவல்துறையை அதன்படி செயல்படச் செய்வதுதான் அதன் உள்ளடக்கம். அவ்வாக்கியத்தில் மக்கள் எழுவாய். சுற்றிவளைப்பில் அவர்கள் செயப்படுபொருள். இவ்வேறுபாட்டை அறிய ஓர் எளிய சோதனை உண்டு: நடவடிக்கை எங்கிருந்து தொடங்குகிறது? ஹைதராபாதிலேயே 2014 அக்டோபரில் தொடங்கப்பட்ட 'ஷீ' குழுக்கள் பெண்களின் புகார்களை ஏற்று இயங்குகின்றன. அவற்றின் மீதும் விமர்சனங்கள் உண்டு. எனினும் அங்கே ஒரு பெண் பேசுகிறாள், காவல்துறை பதில் சொல்லக் கடமைப்படுகிறது. சுற்றிவளைப்பில் பேசியவர் யாருமில்லை. புகார் இல்லை, புகார்தாரர் இல்லை, குறிப்பிட்ட குற்றமும் இல்லை. இருப்பது ஒரு நிலப்பகுதியும், அதன்மீது முன்கூட்டியே படிந்த ஐயமும் மட்டுமே.

அந்த ஐயம் நகரம் முழுதும் சமமாகப் பரவியிருக்கவில்லை. சொற்கள் எந்தச் சொற்களோடு சேர்ந்து வருகின்றன என்று பார்ப்பது மொழியியலின் பழைய முறை. 'சுற்றிவளைப்பு' என்ற சொல் எந்தெந்த இடப்பெயர்களோடு சேர்ந்து வருகிறது என்று பார்த்தாலே போதும். பழைய நகரத்தின் முஸ்லிம் குடியிருப்புகளும், குடிசைப் பகுதிகளும், வெளிமாநிலத் தொழிலாளர் தங்கும் காலனிகளும் வரும். பஞ்சாரா ஹில்ஸின் மாளிகை ஒன்றில் விடியற்காலையில் கதவைத் தட்டி, நிற்கும் காருக்குக் காகிதம் கேட்ட செய்தியைத் தேடிப் பார்க்கலாம். வரிஏய்ப்பும் நிலமோசடியும் அங்கே நடப்பதில்லை என்று யாரும் நம்புவதில்லை. ஆனால் அங்குள்ளவர்களோடு இவ்வாறு 'தொடர்பு' கொள்ளக் காவல்துறைக்குத் தோன்றுவதில்லை.

சட்டம் இதுபற்றி மௌனமாக இல்லை. 2024 ஜூலை 1 முதல் நடைமுறையில் உள்ள பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 185-ஆம் பிரிவு, நீதிமன்ற ஆணையின்றிச் சோதனையிடும் அதிகாரி தம் நம்பிக்கைக்கான காரணத்தையும், தேடும் பொருள் இன்னதென்பதையும் இயன்றவரை முன்னதாக எழுத்தில் பதிய வேண்டும் என்கிறது. 103-ஆம் பிரிவு, அப்பகுதியைச் சேர்ந்த சார்பற்ற இருவரையாவது சாட்சிகளாக அழைக்கச் சொல்கிறது. 105-ஆம் பிரிவு, சோதனையையும் கைப்பற்றுதலையும் ஒலி-ஒளிப் பதிவு செய்து நடுவருக்கு அனுப்பச் சொல்கிறது. ஒரு பஸ்தியின் எல்லா வீடுகளுக்கும் ஒரே நேரத்தில் பொருந்தும் 'நம்பிக்கைக்கான காரணம்' எதுவாக இருக்க முடியும்? அங்கே வசிப்பது ஒன்றைத் தவிர வேறெதுவும் இருக்க முடியாது. வசிப்பிடத்தைக் குற்றத்தின் அடையாளமாக எந்தச் சட்டமும் ஏற்கவில்லை.

மக்கள் சம்மதத்தோடுதான் கதவு திறக்கப்படுகிறது என்பது இதற்குச் சொல்லப்படும் பதில். மறுக்க இயலாத இடத்தில் சம்மதம் என்ற சொல்லுக்குப் பொருளில்லை. தெருவின் இரு முனைகளிலும் காவல் வண்டி நிற்க, தூக்கத்திலிருந்து எழுந்து வரும் ஒரு கூலித்தொழிலாளி 'இப்போது முடியாது, ஆணையோடு வாருங்கள்' என்று சொல்லி, அதன்பின் ஒரு விளைவும் இல்லாமல் மீண்டும் தூங்கப் போக முடியுமானால் அது சம்மதம். முடியாதென்றால், திறந்த கதவு அச்சத்துக்கு மட்டுமே சான்று.

இதற்கு நீண்ட வரலாறு உண்டு. 1871-இன் குற்றப் பரம்பரையினர் சட்டம் பிறப்பையே ஐயத்துக்குப் போதுமான காரணமாக்கியது. 1952-இல் அச்சட்டம் நீங்கியது. அது பழக்கிய பார்வை நீங்கவில்லை. 'வரலாற்றுத் தாள்', 'ரௌடி ஷீட்' ஆகியவை அப்பார்வையின் இன்றைய ஏடுகள். நீதிமன்றத்தில் குற்றம் நிரூபிக்கப்படாமலே, காவல் நிலையத்தின் முடிவாலேயே ஒருவர் பெயரில் அந்த ஏடு திறக்கப்பட்டுவிட முடியும். உத்தரப் பிரதேசத்தில் கரக் சிங் என்பவர் மீதான கொள்ளை வழக்கு சான்றில்லாமல் கைவிடப்பட்ட பின்னரும் காவலர்கள் இரவில் அவர் கதவைத் தட்டிக்கொண்டே இருந்தார்கள். அவர் தொடுத்த வழக்கில், இரவில் வீட்டுக்கு வந்து பார்க்கும் அதிகாரத்தை வழங்கிய விதியை உச்ச நீதிமன்றம் 1962 டிசம்பரில் செல்லாததாக்கியது. தனியுரிமை அடிப்படை உரிமையே என்று 2017 ஆகஸ்ட் 24 அன்று புட்டசாமி வழக்கில் ஒன்பது நீதிபதிகள் ஒருமனதாகக் கூறினர். ஏடு திறக்கப்பட்ட ஒரு தனிமனிதரின் கதவையே இரவில் தட்டக் கூடாது என்று அறுபது ஆண்டுகளுக்கு முன் தீர்ப்பளித்த நாட்டில், எந்த ஏட்டிலும் பெயரில்லாத ஆயிரம் பேரின் கதவுகளை வைகறையில் தட்டுவது 'தொடர்பு' என்ற பெயரில் நடக்கிறது.

பழைய நகரத்தின் வீடுகளுக்கு முன்னே தெருவை ஒட்டி அமைந்த கல்மேடைக்குச் 'சபூத்ரா' என்று பெயர். தமிழில் திண்ணை என்றால் யாருக்கும் புரியும். ஓரறை ஈரறை வீடுகளில் ஏழெட்டுப் பேர் வாழும் இடத்தில் இளைஞர்களுக்கு இரவில் காற்று வாங்கவும் நண்பரோடு பேசவும் கிடைக்கும் ஒரே பொதுவிடம் அது. நள்ளிரவில் அங்கே அமர்ந்திருப்போரைப் பிடித்துச் சென்று, பெற்றோரை வரவழைத்து 'ஆலோசனை' வழங்கும் நடவடிக்கைக்குக் காவல்துறை 'மிஷன் சபூத்ரா' என்று பெயரிட்டது. திண்ணையில் உட்காருவதைக் குற்றமென்று சொல்லும் சட்டப்பிரிவு இல்லை. ஆகவேதான் 'கைது' என்ற சொல் தவிர்க்கப்பட்டு 'ஆலோசனை' என்ற சொல் வருகிறது. கைது என்றால் காரணம் சொல்ல வேண்டும். இருபத்துநான்கு மணி நேரத்துக்குள் நடுவர்முன் நிறுத்த வேண்டும். ஆலோசனைக்கு அந்தத் தொல்லைகள் இல்லை. நகரத்தின் மறுபகுதியில் நள்ளிரவுக்குப் பின்னும் தேநீர்க் கடை வாசலில் நிற்கும் மென்பொருள் ஊழியருக்கு அந்த ஆலோசனை தேவைப்படுவதாகவும் யாரும் கருதுவதில்லை.

கண்காணிப்புக் கேமராக்களின் கதையும் இதுவே. ஒரு கேமரா நூறு காவலர்களுக்குச் சமம் என்பது அந்நகரக் காவல்துறை திரும்பத் திரும்பச் சொல்லும் வாக்கியம். குடியிருப்போரும் வணிகர்களும் பணம் போட்டுக் கேமரா வைக்கும் திட்டத்துக்கு 'நேனு சைதம்', அதாவது 'நானும் சேர்ந்து', என்று பெயர். பணம் கொடுப்பதில் 'நான்' சேர்த்துக்கொள்ளப்படுகிறது. பதிவு யாரிடம் போகிறது, எத்தனை நாள் இருக்கும், யார் பார்க்கலாம் என்று தீர்மானிக்கும் இடத்தில் அந்த 'நான்' காணாமற்போகிறது. காலா பத்தர், கிஷன் பாக் ஆகிய இரு பகுதிகளின் பரப்பில் பாதிக்கும் மேல் கேமராக்களின் பார்வைக்குள் இருப்பதாக ஆம்னெஸ்டி இன்டர்நேஷனல் 2021-இல் வெளியிட்ட மதிப்பீடு கூறியது. அதே ஆண்டு மே மாதம், பொதுமுடக்கக் காலத்தில், சமூகச் செயற்பாட்டாளர் எஸ்.கியூ. மசூத் சாலையில் நிறுத்தப்பட்டார். முகக்கவசத்தைக் கழற்ற மறுத்தபோதும் அவரைக் காவலர்கள் படமெடுத்துக்கொண்டனர். அந்தப் படம் எதற்கு என்று கேட்டு முகமறி தொழில்நுட்பத்துக்கு எதிராக அவர் தொடுத்த பொதுநல வழக்கில், தெலங்கானா உயர் நீதிமன்றம் 2022 ஜனவரியில் மாநில அரசுக்கு நோட்டீஸ் அனுப்பியது. 2021 அக்டோபரில், வழியில் செல்வோரின் கைப்பேசியை வாங்கி வாட்ஸ்அப் உரையாடல்களில் 'கஞ்சா' என்ற சொல்லைக் காவலர்கள் தேடும் காணொளியும் பரவியது. கேலியிலும் செய்தியிலும் திரைப்பாட்டிலும் வரக்கூடிய ஒரு சொல்லைக் குற்றத்தின் தடயமாக எண்ணித் தேடும் காவல், மொழியையும் அறியவில்லை, குற்றத்தையும் அறியவில்லை.

குற்றமற்றவர் ஏன் அஞ்ச வேண்டும் என்ற கேள்வி எப்போதும் எழும். அதற்கு ஹைதராபாதே பதில் வைத்திருக்கிறது. 2007 மே 18 அன்று மக்கா மசூதியில் குண்டு வெடித்த பின் பழைய நகரத்தின் முஸ்லிம் இளைஞர்கள் பலர் பிடிக்கப்பட்டனர். காவலில் துன்புறுத்தப்பட்டதாகக் கூறினர். வழக்குகளிலிருந்து பின்னர் விடுபட்டனர். அவர்கள் நல்லவர்களே என்று சில ஆண்டுகள் கழித்து அரசே நன்னடத்தைச் சான்று வழங்க நேர்ந்தது. குற்றமற்றவர் தம் குற்றமின்மைக்குச் சான்றிதழ் பெற வேண்டியிருந்த நகரம் அது. 2023 ஜனவரியில், நகைப்பறிப்பு வழக்கொன்றின் கேமராக் காட்சியில் தெரிந்த உருவத்தை ஒத்திருந்தார் என்ற ஐயத்தில் ஒரு கூலித்தொழிலாளி ஹைதராபாதில் பிடிக்கப்பட்டு மேடக் காவல் நிலையத்துக்குக் கொண்டுசெல்லப்பட்டார். தாம் தாக்கப்பட்டதாக மருத்துவமனைப் படுக்கையிலிருந்து சொல்லிவிட்டு இறந்தார். உயர் நீதிமன்றம் தானாக முன்வந்து அதை வழக்காக எடுத்துக்கொண்டது. நூறு காவலருக்குச் சமமான கேமராவுக்கு ஒரு மனிதனை இன்னொரு மனிதனிடமிருந்து பிரித்தறியத் தெரியவில்லை.

கேமராவே பாதுகாப்பு என்றால் அது முதலில் இருக்க வேண்டிய இடம் காவல் நிலையம். ஒவ்வொரு நிலையத்திலும் கேமரா பொருத்தும்படி 2020 டிசம்பர் 2 அன்று உச்ச நீதிமன்றம் ஆணையிட்டது. காவல் நிலையங்களில் இயங்கும் கேமரா இல்லாமை குறித்து அதே நீதிமன்றம் 2025-இல் தானாக முன்வந்து வழக்கெடுக்க வேண்டியிருந்தது. தெருவைப் பார்க்கும் கண் சிமிட்டுவதில்லை. நிலையத்தைப் பார்க்கும் கண் திறப்பதற்கே ஆணைமேல் ஆணை தேவைப்படுகிறது.

இனிய பெயர்களின் கதை தமிழ் வாசகருக்குப் புதிதன்று. 1993-இல் இராமநாதபுரத்தில் 'காவலர் நண்பர்கள்' என்ற பெயரில் தொடங்கி மாநிலமெங்கும் பரவிய அமைப்பு, 2020 ஜூனில் சாத்தான்குளம் காவல் நிலையத்தில் தாக்கப்பட்ட தந்தையும் மகனும் இறந்த பின், அடுத்த மாதமே தடைசெய்யப்பட்டது. தெலங்கானாவிலும் 'ஃபிரெண்ட்லி போலீசிங்' என்பது அதிகாரபூர்வ முழக்கம். நண்பர் என்ற சொல்லுக்கு ஒரு குறைந்தபட்ச நிபந்தனை உண்டு: அவரிடம் 'ஏன்' என்று கேட்க முடிய வேண்டும்.

இவ்விடத்தில் ஆய்வுலகத்தின் பொறுப்பு வருகிறது. காவல்துறை வைக்கும் பெயர்களுக்குக் கல்விப் புலத்தில் எளிதாக இடம் கிடைத்துவிடுகிறது. 'சமூகக் காவல்: ஒரு வெற்றிகரமான மாதிரி' என்பது போன்ற தலைப்புகளில் கட்டுரை எழுதுவோர், செய்திக்குறிப்பில் வரும் வண்டி எண்ணிக்கையைத் தரவென்று ஏற்றுக்கொள்கிறார்கள். காகிதமில்லாத வண்டி போக்குவரத்து விதிமீறல்; சாலையில் ஒரு காவலர் தண்டச்சீட்டுக் கொடுத்து முடிக்க வேண்டிய விஷயம். அதைக் குற்றத்தடுப்பின் அளவுகோலாக்கினால் அளவிடப்படுவது வறுமைதான். பழைய வண்டியை வாங்கிப் பெயர் மாற்றப் பணமில்லாதவர்கள் எங்கே வாழ்கிறார்களோ, அங்கே 'குற்றம்' அதிகமாகத் தெரியும். 'சந்தேக நபர்' என்ற சொல் கேள்வியின்றி அட்டவணையின் ஒரு பத்தியாகிறது. சந்தேகித்தவர் யார் என்ற பத்தி எந்த அட்டவணையிலும் இல்லை. ஆய்வு மாணவர் அறநெறிக் குழுவிடம் ஒப்புதல் பெறாமல் ஒரு வீட்டில் ஒரு கேள்வியும் கேட்க முடியாது. ஒப்புதலே கேட்காமல் விடியலில் திரட்டப்பட்ட தகவலை அதே ஆய்வுலகம் மேற்கோள் காட்டுவது எந்த அறநெறியில் சேரும்?

பாதுகாப்பு வேண்டாமென்று பஸ்தியில் யாரும் சொல்வதில்லை. வட்டிக்காரரின் மிரட்டலும், கணவனின் அடியும், வேலைவிட்டு இரவில் திரும்பும் பெண்ணைப் பின்தொடரும் வண்டியும் அங்கேதான் அதிகம் வலிக்கின்றன. அவற்றுக்கான வழிகளும் அறியப்பட்டவையே. முதல் தகவல் அறிக்கையை மறுக்காமல் பதிந்து, புகார்தாரருக்குச் சட்டப்படி கட்டணமின்றிச் சேர வேண்டிய நகலைக் கையில் கொடுக்க வேண்டும். தெலங்கானாவின் இரண்டாம் ஆட்சிமொழியான உருதுவில் அதைப் படித்துக்காட்ட ஆள் வேண்டும். புரியாத மொழியில் எழுதிய பஞ்சநாமாவில் எவரையும் கையொப்பமிடச் சொல்லக் கூடாது. அடிக்கடி மாற்றப்படாத, பெயரும் முகமும் தெரிந்த ரோந்துக் காவலர் வேண்டும். பிரகாஷ் சிங் வழக்கில் 2006-இல் உச்ச நீதிமன்றம் ஆணையிட்ட காவல்துறைப் புகார் ஆணையம், பஸ்தியில் வாழ்பவர் நடந்துபோய் எட்டும் தொலைவிலும் அச்சமின்றி நுழையும் நிலையிலும் இருக்க வேண்டும். இவற்றில் எதற்கும் தெருவை அடைக்கத் தேவையில்லை.

ஒரு பகுதி பாதுகாப்பாக இருக்கிறதா என்பதை, காவலர் எத்தனை வீட்டுக்குள் நுழைந்தார் என்பதால் அறிய முடியாது. அங்கு வாழும் ஒரு பெண் தனியாக, இரவில், துணைக்குக் கட்சிக்காரரையோ ஜமாஅத் பெரியவரையோ அழைக்காமல் காவல் நிலையத்துக்குள் போய், சொல்ல வந்ததைச் சொல்லிவிட்டுத் திரும்ப முடிகிறதா என்பதால்தான் அறிய முடியும். அந்த நாள் வந்தால் அதைச் சமூகத் தொடர்பு என்று அழைக்க எவருக்கும் தயக்கம் இராது. அதுவரை விடியலில் நடப்பதைக் 'கட்டாயச் சோதனை' என்றே எழுத வேண்டும். தெலுங்கு நாளிதழின் செய்தியாளர் எழுதத் துணிந்ததை ஆய்வேடுகளும் எழுதலாம்.